ஸ்விட்ச் வேண்டுமா வேண்டாமா: மாப்பிள்ளைக்கு ஒரு பதில்

திருநெல்வேலி டவுன்
வைகாசி கடைசி வெள்ளி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கரண்ட் என்றால் சிரிப்பாய். எங்கள் வளவு உனக்கு மறந்திருக்காது. வடக்கு ரத வீதிக்குப் பின்னால், கிணற்றடியில் வழுக்கி நீ முன்பல்லை உடைத்துக்கொண்ட அதே வளவுதான். இப்போது முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அண்ணனும் மதினியும், மச்சில் வாடகைக்கு ஒரு ஆச்சி. அடுப்பு மூன்று, மீட்டர் ஒன்று. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் இலவசம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே சர்வீஸ் நம்பர் என்றால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து அதே அளவுதான். அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது. மதினி ஏசி போட்ட நாளிலிருந்து பில் வந்தாலே வீட்டில் பட்டிமன்றம். யார் எவ்வளவு இழுத்தார்கள் என்று அந்த ஒற்றை மீட்டரிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? மொத்தம்தான் அதற்குத் தெரியும்.

இதை நடுவில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் ஒரே மெஷினைப் பல மெஷினாகப் பிரித்துக் காட்டும் இசட்விஎம், அதற்குள் கெஸ்ட் என்று அழைக்கும் நாற்பது லினக்ஸ் குட்டி மெஷின். பக்கத்து ரேக்கில் டிஸ்க் அடுக்கிய ஸ்டோரேஜ் பெட்டி. நடுவில் இரண்டு ஃபைபர் சேனல் ஸ்விட்ச், அதாவது மெஷினையும் ஸ்டோரேஜையும் கோர்க்கும் சந்திப்புப் பெட்டி, வாங்க விலை கேட்டால் மேலாளர், “பத்தடி தூரத்துக்கு இவ்வளவு பணமா, நேரே கேபிளைச் சொருக முடியாதா?” என்கிறார். எனக்குச் சிரிப்பாகிவிட்டது. எங்கள் வளவுச் சண்டையும் உங்கள் ஆபீஸ் சண்டையும் ஒன்றுதான் மாப்ளே.

முதலில், அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. சொருக முடியும். மெயின்ஃப்ரேமின் சேனல் கார்டிலிருந்து (டேட்டா வெளியே போகிற வாசல்தான் சேனல்) ஸ்டோரேஜின் போர்ட்டுக்கு நேரடியாக ஃபைபர் போடலாம். மெயின்ஃப்ரேமுக்கே உரிய பாஷையான ஃபைகானும் அப்படி ஓடும், மற்ற சர்வர்களும் பேசும் எஃப்சிபியும் ஓடும். தூரம்கூடப் பெரிய தடை இல்லை. மஞ்சள் நிற சிங்கிள் மோட் கேபிளும் லாங்வேவ் கார்டும் இருந்தால் 16 கிகாபிட் வேகத்தில் 10 கிலோமீட்டர் போகும். டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கே இழுத்துவிடலாம். வெளிர்நீல மல்டிமோட் என்றால் அதே வேகத்தில் ஓஎம்3 கேபிளுக்கு 100 மீட்டர், ஓஎம்4 கேபிளுக்கு 125 மீட்டர். உங்கள் பத்தடிக்கு அது ஏகப்பட்டது.

நேரடி இணைப்பில் எனக்குப் பிடித்த சங்கதி, கோளாறு வந்தால் ஒளிக்காது. கேபிள் போனால் அந்த நொடியே இரண்டு பக்கமும் லிங்க் விழுந்துவிடும். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட் செத்தாலும் மெயின்ஃப்ரேம் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் எடுத்துச் சொல்லித்தான் இவனுக்குத் தெரிய வேண்டும். யார் யாரோடு பேசலாம் என்று ஸ்விட்சில் எழுதிவைக்கும் ஜோனிங்கில் தப்பு செய்ய வழியில்லை, ஸ்விட்சுக்கு அப்டேட் போட ராத்திரி கண்விழிக்க வேண்டாம். யாரோ ஒரு மந்தமான சர்வர் வாங்கிய டேட்டாவை விழுங்காமல் நின்று, அதனால் ஸ்விட்சில் டேட்டா காத்திருக்கும் பஃபர் நிறைந்து, சம்பந்தமே இல்லாத இன்னொருவன் திணறும் கூத்தும் கிடையாது.

பிறகு ஏன் ஸ்விட்ச்? இங்கேதான் மீட்டர் கதை.

நேரடியாகச் சொருகினால் அந்தக் கேபிளின் இரண்டு முனையில் இரண்டே பேர். ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயராக ஒரு எண் உண்டு; யாருடைய எண் பெரியதோ அவன் இருவருக்கும் முகவரி போட்டுவிடுவான், பேச்சு முடிந்தது. அந்தச் சேனலைப் பத்து கெஸ்ட் பகிர்ந்தாலும் ஸ்டோரேஜுக்குத் தெரிவது சேனலின் ஒரே பெயர்தான். வளவுக்குள் யார் கேட்டது என்று அதற்குத் தெரியாது. இந்த லன், அதாவது ஸ்டோரேஜ் வெட்டிக் கொடுக்கும் இந்த டிஸ்க் துண்டு, இந்தக் கெஸ்ட்டுக்கு மட்டும் என்று ஸ்டோரேஜில் பூட்டுப் போட முடியாது. சேனலுக்குத் திறந்தால் பத்துப் பேருக்கும் திறந்த மாதிரி.

தனித்தனி சர்வீஸ் நம்பர் வாங்கும் வழிதான் என்பிஐவி, ஒரே போர்ட்டுக்குப் பல பெயர் கொடுக்கும் முறை. 2005இல் ஐபிஎம் இசட்9 மாடல் காலத்தில் மெயின்ஃப்ரேமுக்கு வந்தது. சேனல் முதலில் ஸ்விட்சில் லாகின் செய்து ஒரு முகவரி வாங்கும். பிறகு ஒவ்வொரு கெஸ்ட்டுக்காகவும், “இன்னொரு பெயர் இருக்கிறது, அதற்கும் ஒன்று கொடு” என்று அதே கேபிளில் மறுபடி கேட்கும். கொடுப்பது ஸ்விட்ச். நேர்க் கேபிளில் கொடுக்க ஆள் இல்லை, ஆகவே என்பிஐவியும் இல்லை. உன் மேலாளர் வேகம், தூரம், விலை மூன்றையும் கேட்டார், இதைக் கேட்கவில்லை. தப்பு அவர்மேல் இல்லை, விற்க வந்தவர்களும் போர்ட் கணக்கைத்தானே காட்டுகிறார்கள்.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வதில்லை. முன்பு ஒரு கம்பெனியில், எது என்று வேண்டாம், நானே நேரடியாகச் சொருகிக் கொடுத்தேன். மீட்டிங்கில் கைதட்டல்கூட. ஒரே சேனலில் புரொடக்‌ஷன் கெஸ்ட் ஒன்று, டெஸ்ட் கெஸ்ட் நாலைந்து; நிஜ வேலைக்கு முதலாவது, சோதனைக்கு மற்றவை. சாதாரண நாளில் ஆபத்தே தெரியவில்லை. ஒருவன் திறந்து வைத்திருக்கும் லன்னை அதே சேனல் வழியாக இன்னொருவன் கேட்டால் கார்டு மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு ராத்திரி பராமரிப்புக்காகப் புரொடக்‌ஷனை இறக்கியிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் டெஸ்ட் கெஸ்ட்டில் புது லன் சேர்த்தான். என்பிஐவி இல்லாத இடத்தில் லினக்ஸ் தானாக லன்களைத் தேடிச் சேர்க்காது, பதினாறு இலக்க எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். ஒரு இலக்கம் தப்பியது. புரொடக்‌ஷன் தூங்கிக்கொண்டிருந்ததால் மறுக்க ஆளில்லை. திறந்தது, ஃபார்மேட்டும் ஆனது.

பேக்கப் இருந்தது, பிழைத்தோம். விடியும்வரை ரீஸ்டோர் சதவிகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையனைத் திட்டவில்லை. கதவுக்குப் பூட்டே போடாமல் விட்டது நான்.

சரி, மேலாளர் ஒரே பிடியாக ஸ்விட்ச் கிடையாது என்றால்? அதற்கும் கௌரவமான வழி உண்டு. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைப்பது போல. ஈபிக்குத் தெரிந்தது வீட்டுக்காரர் பெயர் மட்டும். உள்ளே பிரிப்பது அவர் பொறுப்பு. இசட்விஎம்மே அந்த வீட்டுக்காரர். ஃபைகானில் ஈசிகேடி வால்யூம், அதாவது மெயின்ஃப்ரேம் வகை டிஸ்க், கொடுத்தால் அவற்றை மினிடிஸ்க்காக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடும். அடுத்தவன் துண்டு இவன் கண்ணுக்கே வராது. இந்த ஏற்பாட்டுக்கு நேர்க் கேபிள் தாராளமாகப் போதும். இசட்விஎம்மின் பாட்டன் விஎம்/370 வந்தது 1972இல். அதற்கு முன் 1967இலேயே அதன் முன்னோடி சிபி-67 இருந்தது. ஒரு டிஸ்க்கைப் பங்கு போடுவதில் இவர்களுக்கு அவ்வளவு காலப் பழக்கம்.

லன்தான் வேண்டும் என்றால் ஈடெவ். எஃப்சிபி லன்னை இசட்விஎம்மே வாங்கி, பழைய காலத்து எஃப்பிஏ டிஸ்க் போல வேஷம் போட்டுக் கெஸ்ட்டுக்குக் கொடுக்கும். இரண்டு பாதையில் ஒன்று போனால் சமாளிப்பதும் அதன் வேலை, கெஸ்ட்டுக்குள் மல்டிபாத் அமைக்க வேண்டாம். இலவசம் இல்லை மாப்ளே. ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தும் வீட்டுக்காரர் கையைத் தாண்டிப் போவதால் பிராசஸரில் கொஞ்சம் தின்னும். சின்ன கெஸ்ட், ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க், டெஸ்ட் மெஷின் இதற்கெல்லாம் சரி. ராப்பகலாக அடிவாங்கும் டேட்டாபேஸை அதில் வைக்க எனக்கு மனம் வராது.

உன் நாற்பதில் ஆறு பெரிய டேட்டாபேஸ் என்று எழுதியிருந்தாய். அந்த ஆறுக்காகத்தான் ஸ்விட்ச் வாங்கு என்கிறேன். இரண்டாவது காரணம், அடுத்த வருஷம் இன்னொரு மெஷின் வரும் என்று நீயே கடைசி வரியில் சாதாரணமாகப் போட்டிருக்கிறாய். அதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். ஓடுகிற கெஸ்ட்டை நிறுத்தாமல் அந்த மெஷினுக்கு நகர்த்த ஆசைப்படுவீர்கள், 2011இல் இசட்விஎம் 6.2இலேயே வந்த வசதி. அதற்கு இரண்டு மெஷினும் அதே லன்களைப் பார்க்க வேண்டும். நேர்க் கேபிள் என்றால் மெஷினுக்கு நாலு பாதை வீதம் ஸ்டோரேஜில் எட்டு போர்ட் போயிற்று. ஸ்விட்ச் என்றால் இருக்கிற போர்ட்டையே இரண்டு மெஷினும் பகிரும். ஒன்று நினைவில் வை: என்பிஐவியில் கெஸ்ட்டின் போர்ட் பெயர் இந்த மெஷினில் ஒன்று, அந்த மெஷினில் வேறொன்று. ஸ்டோரேஜில் இரண்டையும் முன்கூட்டியே பதிந்து வைக்காவிட்டால் நகர்த்தும் அன்று வியர்க்கும். மெஷின் வந்து இறங்கும் முன்பே இந்தப் பெயர்களைக் கணித்துக் கொடுக்க ஐபிஎம்மிடம் ஒரு கருவி உண்டு, கேட்டு வாங்கு.

வாங்கினால் இரண்டு வாங்கு. ஒன்று மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அறையை விட்டு வெளியே அனுப்பு. அதைவிட நேர்க் கேபிளே மேல். இரண்டையும் ஒன்றோடொன்று கோர்க்காதே; ஒன்றில் யாராவது ஜோனிங்கைக் குழப்பினால் மற்றது அப்படியே நிற்க வேண்டும். ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் எத்தனை லாகின் ஏற்கும் என்ற வரம்பையும் பார்த்துவிடு. நாற்பது கெஸ்ட்டையும் ஒரே சேனலில் ஏற்றிவிட்டு ஏன் சிலது மட்டும் எழவில்லை என்று முழிக்காதே.

உன் பழைய ஸ்டோரேஜின் வேகம் என்ன என்று நீ எழுதவில்லை. இசட்16 மாடல் மெயின்ஃப்ரேமில் வந்த 32 கிகாபிட் கார்டு 8, 16, 32 இந்த மூன்றில்தான் பேசும். ஸ்டோரேஜ் 4 கிகாபிட் கிழவன் என்றால் நேர்க் கேபிளில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். 4 கிகாபிட் பேசத் தெரிந்த ஸ்விட்ச் நடுவில் இருந்தால் இந்தப் பக்கம் ஒரு வேகம், அந்தப் பக்கம் ஒரு வேகம் என்று சமாளிக்கும். அப்புறம், நேரடியாகச் சொருகிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் ஸ்டோரேஜ் போர்ட்டை லூப்பில் (பலரை வளையமாகக் கோர்க்கும் முறை) விடாதே, இருவர் மட்டும் பேசும் பாயிண்ட் டு பாயிண்ட்டுக்கு மாற்று. மெயின்ஃப்ரேமின் எஃப்சிபி சேனலுக்கு லூப் பாஷை தெரியாது. இதற்காக நான் ஒரு மத்தியானம் முழுக்க நல்ல கேபிளை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். ஒரே போர்ட்டில் ஃபைகானும் எஃப்சிபியும் சேர்ந்து ஓடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். கார்டு எண்ணிக்கை போடும்போது மறந்துவிடாதே, எல்லோரும் மறக்கிறார்கள்.

ஊர்ச் சேதி. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறார்கள், இங்கே காற்றில் மட்டும் கொஞ்சம் ஈரம். 2023 டிசம்பர் மழையில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கிடந்ததை டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது. மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. அப்போதே பெட்டியை மேலே தூக்கி வைக்க வேண்டும் என்றார் அண்ணன். இப்போது மூன்று மீட்டராகவே வைக்கப்போகிறோம். மனு போட்டாயிற்று. சர்வீஸ் கனெக்‌ஷன் பேரை அப்பாவிடமிருந்து மாற்றாமலே இருந்திருக்கிறோம், அதற்குத்தான் இத்தனை நாள் அலைச்சல். மச்சு ஆச்சி மட்டும் தனி மீட்டர் வேண்டாம் என்கிறாள். “நீ சப் மீட்டர் வச்சுக் கொடு ராசா, ஆபீசுக்கெல்லாம் என்னால அலைய முடியாது” என்கிறாள். அவள் எரிப்பது ஒரு விளக்கும் ஒரு ஃபேனும். அவளுக்கு ஈடெவ் போதும்.

ஆனித் தேருக்கு வருகிறாயா? வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் பேச்செடுத்தால் மதினி கோபித்துக்கொள்வாள். வரும்போது உங்கள் சேனல், போர்ட் கணக்குத் தாளையும் எடுத்து வா. முன்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் வரைந்துவிடலாம். நாளைக் காலை மீட்டர் வைக்கும் இடம் பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழே கிடக்கிற சைக்கிளையும் தட்டுமுட்டுச் சாமானையும் இப்போதே நகர்த்த வேண்டும். அண்ணன் கூப்பிடுகிறார்.

இப்படிக்கு
உன் பழைய கடைசி பெஞ்சு