5 லட்சம் ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசுக் காப்பீடு இருக்கும்போது தனியாக ஒரு பாலிசியும் எடுக்க வேண்டுமா என்று என் வயதுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். முடிந்தால் எடுங்கள். ஆனால் நான் எடுத்த மாதிரி எடுக்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2022 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு பென்ஷனில் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். 5 லட்சம் வரை சிகிச்சை, குறிப்பிட்ட சில பெரிய வியாதிகளுக்கு 10 லட்சம். இவ்வளவும் எனக்கும் தெரியும். அந்த 5 லட்சம் திட்டம் நடக்கிற நாலு வருஷத்துக்கும் சேர்த்து, கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் சேர்த்து என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. அரசாணையைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், படிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஏஜென்ட் தம்பி வீட்டுக்கு வந்தார். "முதல் அஞ்சு லட்சத்தை கவர்மென்ட் பாத்துக்கும் சார், அதுக்கு மேல போனா நாங்க" என்றார். சூப்பர் டாப்-அப் பாலிசி, 5 லட்சம் டிடக்டிபிள், அதாவது அந்த வருஷத்தில் ஆஸ்பத்திரிச் செலவு 5 லட்சத்தைத் தாண்டினால்தான் அவர்கள் பணம் தருவார்கள். பிரீமியம் குறைவாக இருந்தது, உடனே கையெழுத்துப் போட்டேன்.

2023-ல் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன், அடுத்து எனக்குக் குடலிறக்கம். ரெண்டுக்குமாக அரசுத் திட்டத்தின் 5 லட்சத்தில் 2 லட்சத்து 80 ஆயிரம் போய்விட்டது. 2024 ஐப்பசி மழையில் அவளுக்கு நிமோனியா வந்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்தோம். பத்தாவது நாள் பில் கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் 2,20,000 என்று எழுதி என் பக்கம் தள்ளி, "ஸ்கீம்ல மிச்சம் இவ்ளோதான் இருக்குங்கய்யா" என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே ஓடவில்லை. கடைசியில் மொத்த பில் 4 லட்சத்து 60 ஆயிரம். 5 லட்சத்தைத் தாண்டாததால் டாப்-அப்பிலிருந்து ஒரு பைசா வரவில்லை. மீதி 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு அவளுடைய வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தேன். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்ததே பெரிது, இருந்தாலும் இது தவிர்த்திருக்கக் கூடிய செலவு. டிடக்டிபிளை 2 லட்சமாக வைத்திருந்தால் பிரீமியம் கூடுதலாகத்தான் வந்திருக்கும், ஆனால் நகை வீட்டில் இருந்திருக்கும்.

அதனால் பாலிசி எடுக்கும் முன் உங்கள் திட்டக் கணக்கில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டிடக்டிபிளை அதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள். பாக்கி குறைந்துவிட்டது என்றால் டாப்-அப்பை நம்பாமல் சின்னதாக ஒரு முழு பாலிசியே எடுப்பது நல்லது. டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு என்பதையும் பாருங்கள்: முதலாவதில் ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் தனித்தனியாக அந்தத் தொகையைத் தாண்ட வேண்டும், இரண்டாவதில் வருஷம் முழுக்க ஆன செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கு இரண்டாவதுதான் சரி.

அப்புறம், "சுகர், பிபி எல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுதினால் அந்த நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் மொத்தமும் நின்றுபோகலாம். 65 தாண்டினால் புது பாலிசி கிடைக்காது என்ற பேச்சும் இப்போது செல்லாது, 2024 ஏப்ரலிலேயே அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், அந்த 30 நாளில் ரூம் வாடகை வரம்பும் நம் கையிலிருந்து போட வேண்டிய சதவீதமும் எழுதியிருக்கும் பக்கத்தைப் பிள்ளைகளை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள்.

அரசுக்கு என் கோரிக்கை இதுதான். மாதாமாதம் பிடித்தம் செய்யத் தெரிகிற கருவூலத்துறைக்கு, எவ்வளவு செலவாகியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஓய்வூதியருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது சிரமமில்லை. அப்படியே நாலு வருஷத்துக்கு ஒரே தொகை என்பதை வருஷத்துக்கு இவ்வளவு என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.