வெள்ளத்தில் எங்களைத் தாங்கிய கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு,

ஸ்தோத்திரம். வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். யாருக்கு எந்த வார்த்தை சொந்தமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் மனதாரவே எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த பிறகுதான் எங்கள் வீட்டு அடுப்பில் மறுபடி உலை வைத்தோம். அம்மா அரிசியை அளந்தாள். களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மாடத்தில் இருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டாள். 2023 டிசம்பரில் எங்கள் ஏரல் பக்கம் வந்த வெள்ளத்திலிருந்து அந்த வாளி காலியாகக் கிடந்தது. வெறும் வாளியில் அரிசி விழுந்த சத்தம் கேட்டதும், இனியும் தள்ளிப்போடக் கூடாது, உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இதைக் கைப்பிடி அரிசி என்போம். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் முன்னால் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பது. சேர்ந்ததும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுபோய்க் கொடுத்தால், அதை விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காணிக்கையைக் கொண்டே ஊழியம் நடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் காணிக்கையில் பெரும் பணக்காரர் வீட்டுப் பணம் எவ்வளவோ, எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஆச்சியும் அம்மாவும் அள்ளிப் போட்ட பிடிகள்தான்.

ஒரு தடவை அம்மாவிடம், "எதுக்கும்மா இந்தப் பாடு? மாசம் 100 ரூபாயைக் காணிக்கைப் பையில போட்டுட்டா முடிஞ்சுதே" என்றேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "காசு போட்டா அன்னைக்கு ஒரு நாள்தான் நெனப்போம். அரிசின்னா வேளாவேளைக்கு நெனக்கணும்லா." அன்றைக்கு அது எனக்கு ஏறவில்லை.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள். விடிந்ததிலிருந்தே மழை விடவில்லை. ஆராதனைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாயங்காலம் கரண்டு போனது, அப்புறம் செல்போன் டவரும் போனது. ராத்திரி குளம் உடைந்துவிட்டது என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டே ஓடினார்கள். நான் அம்மாவின் சுகர் மாத்திரைப் பையையும் ரேஷன் கார்டையும் எடுத்தேன். அம்மா தூக்குவாளியை எடுத்தாள். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் தாமிரபரணித் தண்ணீருக்குள் போனது.

எதிர்வீட்டு அக்காவுக்கு என் முதல் நன்றி. அக்கா, உங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் மகனிடம், "எல, ஆச்சியத் தூக்கு மொதல்ல, பீரோ கெடக்கட்டும்" என்றீர்களே, அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முழங்கால் வலிக்காரியான அம்மாவை அவன் முதுகில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் மேட்டிலிருக்கும் கோயில்வரை நடந்தான். நீங்கள் அவனுக்கு முன்னால் கம்பால் தரையைத் தட்டித் தட்டி வழி பார்த்துப் போனீர்கள். பீரோவை ஆறு கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை நீங்கள் பேசவில்லை.

எங்கள் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. கோயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று சொன்னபடியே நின்றார். சபையார், சபையார் அல்லாதவர், ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி என்று எல்லோரும் உள்ளே வந்தோம். விடியும்போது அறுபது பேருக்கு மேல் இருந்தோம். பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. வருஷத்துக்கு ஒரு நாள், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் பெரிய அண்டாவை ஐயா உருட்டிக்கொண்டு வந்தார். விறகெல்லாம் நனைந்துவிட்டது. பஜனைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் குடில் கட்டச் சேர்த்து வைத்திருந்த பனைமட்டைகள் மட்டும் உள்ளே காய்ந்து கிடந்தன. அவற்றை ஒடித்து அடுப்பு மூட்டினோம். அரிசிக்கு எங்கே போவது? கிறிஸ்துமஸ் காணிக்கைக்கென்று வீடு வீடாகச் சேர்த்த கைப்பிடி அரிசி ஒரு மூட்டை ஐயாவின் அறையில் இருந்தது. ஒரு நொடி அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூட்டை வாயை அவிழ்த்தார். அம்மா தன் வாளியையும் அதோடு கவிழ்த்தாள்.

புழுங்கல், பச்சை, ரேஷன், கடை அரிசி என்று பத்து விதமும் கலந்த கஞ்சி. சில பருக்கை குழைந்தும் சில பருக்கை வேகாமலும் இருந்தது. உப்பு போதவில்லை. அதைப்போல் ஒரு ருசியை நான் எந்த அசனத்திலும் கண்டதில்லை. ஊழியத்துக்கென்று அம்மா இத்தனை வருஷம் எடுத்து வைத்த அரிசியை அன்றைக்கு அவளே வாங்கிக் குடித்தாள். எதிர்வீட்டு அக்காவும் குடித்தார். வேதாகமத்தில் வரும், பஞ்சத்திலும் மாவு தீராத சாறிபாத் விதவையின் பானையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்து காய்ச்சலும் கண்டுவிட்டது. சுற்றிலும் தண்ணீர். கடற்கரை ஊரிலிருந்து பைபர் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீனவத் தம்பிமார்களே, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி எழுத! கடலில் ஓட்டுகிற படகை வாழைத் தோட்டத்துக்கு மேலும் கரண்டுக் கம்பிக்குக் கீழும் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தீர்கள். தூறல் விழுகிறது என்று, கழுத்தில் செபமாலை போட்டிருந்த தம்பி தன் துண்டை அம்மா தலையில் போட்டு முக்காடு இட்டுவிட்டான். தண்ணீர் இல்லாத ரோட்டில் இறக்கிவிட்டதும் டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "அங்க இன்னும் ஆளு நிக்காவக்கா" என்று படகைத் திருப்பினீர்கள். நீங்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்டு. கல்யாணப் பேச்சு வந்தால் எங்கள் பெரியவர்கள் இதை எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படகில் யாரும் அதைக் கேட்கவில்லை.

கடையில் சேறு முழங்கால்வரை நின்றபோதும் மேல்தட்டில் நனையாமல் தப்பிய மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. அன்றைக்குக் காசு வாங்க மறுத்தீர்கள். பிறகு வந்து கொடுத்தபோதும் கணக்கில் எழுதவில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

காயல்பட்டினத்திலிருந்து சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த சகோதரர்களுக்கு நன்றி. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையை வாங்கிய ஊர் உங்களுடையது. உங்கள் தெருவே தண்ணீருக்குள் கிடக்க, எங்களுக்குச் சோறு ஆக்க எப்படி மனம் வந்தது? ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு முட்டை இருந்தது. பாதி முட்டையை அம்மா பக்கத்தில் இருந்த குழந்தைக்கு ஊட்டினாள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு வேறொரு சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்து) வாலிபர்கள் மண்வெட்டியோடு வந்து எங்கள் வீட்டுச் சேற்றை அள்ளினார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டு நாறியது. அதைத் தொட யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, யாரும் சொல்லாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, கையைக் கழுவிவிட்டு, "ஹேப்பி கிறிஸ்துமஸ் அக்கா" என்றான். எத்தனையோ கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆண்டவர் மாட்டுக்கொட்டகைக்கு வந்தார் என்பது அந்தத் தம்பியின் நனைந்த வேட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கடைசியாக, எதிர்வீட்டு அக்காவின் பேத்திக்கு. அம்மாவின் வேதாகமம் தண்ணீரில் ஊறி உப்பிப்போய்ச் சேற்றுக்குள் கிடந்தது. போகட்டும், புதிது வாங்கலாம் என்றேன் நான். நீ அதை வாங்கிக்கொண்டு போய், திண்ணையில் உட்கார்ந்து, நான்கு நாள் ஒவ்வொரு தாளாகப் பிரித்தாய். தாளுக்கு இடையில் பழைய பேப்பர் வைத்து, பவுடர் தூவி, மேலே அம்மிக்குழவியைப் பாரமாக வைத்தாய். அப்பா இறந்த தேதியையும் என் ஞானஸ்நானத் தேதியையும் அம்மா எழுதி வைத்திருந்த முதல் பக்கம் கலங்கலாக இருந்தாலும் வாசிக்க முடிகிறது. அதில் உன் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறாள் அம்மா. நல்ல பேனா வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, நீயே எழுது.

மீனவத் தம்பிமார்களின் ஊரோ பேரோ கேட்க அன்றைக்கு நேரமில்லை. உங்களில் யாராவது இதை வாசித்தால், ஏரல் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். அம்மா தலையில் போட்ட துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. நீலக்கரை போட்ட துண்டு. துவைத்து, மடித்து, கொடியில் போட்டால் நிறம் போய்விடும் என்று அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லோரையும் ராத்திரி ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்
ஓர் அம்மாவும் மகளும்