குப்பைக்குழியின் நஞ்சு ஊற்று வழியாக மகாவலிக்கும் கடலுக்கும் போவதைத் தடுக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நானு ஓயா நீரேந்துப் பகுதியில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயங்களில் குடியிருக்கும் நாங்கள் இந்த மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். தோட்டத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, இடத்தின் வரைபடம், கையொப்பங்கள் ஆகியவை இணைப்பில் உள்ளன.

எங்கள் லயங்களுக்கு மேலே, கைவிட்ட தேயிலை மலையொன்றின் பள்ளத்தில் பல வருடங்களாகக் குப்பை கொட்டுகிறார்கள். சந்தைக் கழிவு, பழைய பற்றரி, மரக்கறித் தோட்டங்களில் மருந்தடித்து முடித்த போத்தல்கள் எல்லாம் தரம் பிரிக்காமல் ஒரே குழியில் விழுகின்றன. குழிக்கு அடியில் களிமண்கூடப் போட்டு இறுக்கவில்லை. அதற்குக் கீழே கல்லிடுக்கில் ஊறும் தண்ணீர்தான், நாங்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயான எங்கள் பீலிக்கு வருகிறது. குடிப்பதும், சமைப்பதும், கைப்பிள்ளைக்குப் பால்மா கரைப்பதும் அதில்தான்.

இப்போது பீலியின் வாயில் செம்பழுப்பாக வழுவழுப்பான படிவு பிடிக்கிறது. தண்ணீரில் வாடை அடிக்கிறது. முறையிட்டோம். வந்த உத்தியோகத்தர்கள் அடைமழை நேரத்தில் கீழே ஓடும் ஓயாவில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் போனார்கள். பிரச்சினை இல்லை, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று பிறகு வாய்ப்பேச்சாகச் சொன்னார்கள். ஊற்றில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை.

எங்கள் முறைப்பாடே இதுதான். அடைமழையில் ஓயாவில் ஓடுவதில் பெரும்பங்கு மேலால் வழிந்து வந்த மழைவெள்ளம்; ஊற்றிலிருந்து வருவது அதில் கரைந்து காணாமல் போகும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்திருக்கும்போது ஓயாவை வற்றாமல் வைத்திருப்பது நிலத்தடி நீர்தான். உக்கிய மண்ணில் ஊறி, பாறை வெடிப்புகளில் மெதுவாக இறங்கி வரும் நீர் அது. குழியின் கசிவுக்கும் அதுவே பாதை. பற்றரியிலிருந்து வரும் ஈயம் போன்றவற்றில் ஒரு பங்கை மண் பிடித்துக்கொள்ளும். பசளையிலிருந்தும் எருவிலிருந்தும் வரும் நைத்திரேற்றை மண் பிடிப்பதில்லை, அது நீரோடு போய்விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ ஈயமோ போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால், பால்மா குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும்.

இது எங்கள் லயத்தோடு நிற்கும் விடயமும் அல்ல. இந்த நீர் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அங்கே தொழிலுக்குப் போகும் மீனவர்களும் எங்களைப் போல அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். குடாவுக்கு வரும் மாசு எல்லாம் எங்கள் பள்ளத்தாக்குடையது என்று நாங்கள் சொல்லவில்லை. வழிநெடுக வயல்களின் பசளையும் சேர்கிறது, அணைகளில் ஒரு பங்கு வண்டலோடு தங்குகிறது. ஆனால் நீரில் கரைந்த பசளைச் சத்து கூடினால் முகத்துவாரத்தில் பாசி பெருகும். பாசி அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன் சாகும். கரையோரங்களில் நிலத்தடி நீர் ஆற்றுக்கே வராமல் நேராகக் கடலுக்குள்ளும் ஊறும். கீரிமலைக்குப் போனவர்கள் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதைக் கண்டிருப்பார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கடலில் கலந்த நஞ்சை நாடே பார்த்தது. ஆனால் மண்ணுக்கு அடியால் போகும் நஞ்சைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, வரும் வறட்சி மாதங்களில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும், ஊற்றிலும் பீலியிலும் மாதிரி எடுத்து நைத்திரேற்று, ஈயம், கட்மியம், பீடைகொல்லி எச்சம், கிருமிகள் ஆகியவற்றைப் பரிசோதிக்க, நீர்வளச் சபைக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் தாங்கள் பணிக்க வேண்டும். முடிவு எழுத்தில், தமிழில் எங்கள் கைக்கு வர வேண்டும். அதுவரை பவுசரில் குடிநீர் வேண்டும். இப்போது பெண்கள் அடுத்த டிவிசனுக்கு நடந்து குடம் சுமக்கிறார்கள். வேலைக்குப் பிந்திப் போவதால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுகிறது.

அந்தக் குழியில் குப்பை கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். மண் போட்டு மூடிவிட்டால் போதாது, மழை ஊறும்வரை கசிவும் இருக்கும். மேட்டு நீரை விலக்கிவிடக் கான் வெட்டி, குப்பையை அடித்தளம் இறுக்கிய இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த இடம் இன்னொரு லயத்தின் ஊற்றுக்கு மேலே இருந்துவிடக் கூடாது. மருந்துப் போத்தல்களை விற்ற கடைகளே திரும்ப எடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

மரக்கறி செய்கிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது அவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு தடையை நாங்கள் கேட்கவில்லை. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு மட்டும் போட விவசாயப் போதனாசிரியர்கள் வழிகாட்டினால் போதும்.

மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால், ஊற்றுவரை கூட்டிப் போக எங்களில் சிலர் வேலைக்குப் போகாமல் நிற்போம்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பிரதிகள்: மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்