'அனிமல்ஸ்' ஐம்பதை எட்டும்போது: சோனி மியூசிக் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பிங்க் ஃபிளாய்ட் ஒலிப்பதிவுகளின் பொறுப்பை ஏற்றிருக்கும் சோனி மியூசிக் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் ஏறத்தாழ 40 கோடி டாலருக்குப் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவு உரிமைகள் உங்கள் கைக்கு வந்தன. அவற்றுள் 'அனிமல்ஸ்' ஆல்பமும் ஒன்று. 1977 ஜனவரியில் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு 2027 ஜனவரியில் 50 ஆண்டுகள் நிறைகின்றன. 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டை நீங்கள் 2025 டிசம்பரில் பெரிய அளவில் கொண்டாடியதைப் பார்த்தவர்கள் என்ற முறையில், அடுத்து வரக்கூடிய பதிப்பைப் பற்றி எங்கள் மனத்தில் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட விரும்புகிறோம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டு மாடியில் கூடி இசைத்தட்டு கேட்கும் ஏழெட்டுப் பேர். எங்களில் பலருக்கும் 'அனிமல்ஸ்' முதலில் ஒலிநாடாவாகத்தான் கிடைத்தது. அதன் ஒலி ஈரச் சாக்கைப் போர்த்தியது போல மங்கிக் கிடந்ததற்கு நாடாவும் எங்கள் மலிவான டேப் ரெக்கார்டரும்தான் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தோம். பின்னர் குறுந்தகடு வாங்கிக் கேட்டபோதும் அந்தச் சாக்கு விலகவில்லை. மங்கல் நாடாவினுடையது அல்ல, ஆல்பத்தினுடையது என்பது அன்றுதான் விளங்கியது. லண்டன் இஸ்லிங்டனில் குழுவினர் தமக்கெனப் புதிதாக அமைத்துக்கொண்ட பிரிட்டானியா ரோ ஒலிப்பதிவுக் கூடத்தில், பிரையன் ஹம்ப்ரீஸ் ஒலிப்பொறியாளராக இருக்க, 1976ஆம் ஆண்டின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பதிவுசெய்யப்பட்டது இந்த ஆல்பம். அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களும் ஆபி ரோடு கூடத்தில் உருவானவை. அவற்றின் பளபளப்பு இதில் இல்லை என்பது கேட்பவர் எவருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சாக்கை விலக்கத்தான் ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 2018இல் ஆல்பத்தைப் புதிதாகக் கலந்தார். கலவை முடிந்தும் அது எங்கள் கைக்கு வந்து சேர 2022 செப்டம்பர் ஆயிற்று. இசை எழுத்தாளர் மார்க் பிளேக் எழுதிய அறிமுகக் குறிப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸுக்கும் கிதார் கலைஞர் டேவிட் கில்மோருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2021இல் வாட்டர்ஸ் அந்தக் குறிப்பைத் தம்முடைய இணையதளத்தில் வெளியிட்டுவிட்டு, அது இல்லாமலேயே ஆல்பம் வர இசைந்தார். சில பக்கக் குறிப்புக்காக 41 நிமிட இசை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தது. இந்தப் பூசலில் உங்களுக்குப் பங்கில்லை. அன்று உரிமை உங்களிடம் இல்லை.

இங்கே 'கலவை' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ரீமாஸ்டர் என்பது, கலந்து முடித்த இரண்டு தட நாடாவை எடுத்து அதன் ஒலி அளவையும் நிறத்தையும் சீராக்குவது. அதில் டிரம்ஸை மட்டும் தனியே உயர்த்தவோ ஆர்கனை மட்டும் முன்னே கொண்டுவரவோ முடியாது. 2011இல் இந்த ஆல்பத்துக்கு நடந்தது அதுதான். ரீமிக்ஸ் என்பதோ, ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பதிவான பல்தட நாடாவுக்கே திரும்பிப் போய், எது முன்னே, எது பின்னே, எது இடப்புறம் என்பதையெல்லாம் புதிதாகத் தீர்மானிப்பது. (தமிழ்த் திரைப்படப் பாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரீமிக்ஸ் என்றாலே பழைய பாட்டின் தலையில் புதிய தாளத்தை ஏற்றிவைப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதால் எங்கள் கூட்டத்திலேயே இதை இருமுறை விளக்க வேண்டியிருந்தது.) கத்ரி செய்தது இரண்டாவது வேலை. ஆகவே 2022இல் வந்தது பழைய படத்தைத் துடைத்து மாட்டியது அன்று. அதே படச்சுருளிலிருந்து மறுபடியும் உருவாக்கிய படம்.

அந்தப் படம் நன்றாகவே வந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டோம். எங்களில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர், நிக் மேசன் இந்த ஆல்பத்தில் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன் என்றார். 'ஷீப்' பாடலின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ரைட் தனியாக வாசிக்கும் மின்பியானோ இப்போது கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. கீழே பேஸ் கிதார் மெல்ல நுழையும்போது அறையின் தரை அதிர்கிறது. ஆல்பத்தின் எந்தப் பாடலிலும் இயற்றியவராகப் பெயர் பெறாத ரைட் அதற்குள் எவ்வளவு நிறைந்திருக்கிறார் என்பதைக் காட்டியதற்காகவே இந்தக் கலவைக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே பாடலில் வாட்டர்ஸ் ஒரு சொல்லின் கடைசி அசையை நீட்டிக்கொண்டே போக, அந்தக் குரல் தெரியாமலே கரைந்து சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலியாக மாறிவிடும் இடம் உண்டு. எங்கே குரல் முடிந்தது, எங்கே கருவி தொடங்கியது என்று முன்பு பந்தயம் கட்டுவோம். புதிய கலவையில் அந்தத் தையல் இன்னும் நேர்த்தியாகத் தெரிகிறது.

ஆனால் 17 நிமிட 'டாக்ஸ்' பாடலுக்கு வந்தால் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பாடலின் நடுவில், கல்லைக் குறிக்கும் ஒற்றைச் சொல் எதிரொலித்து எதிரொலித்துச் சிந்தசைசர் மூட்டத்துக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். மூழ்குகிறவனைப் பற்றிய அந்த இடத்தில், 1977 கலவையின் மங்கலே தண்ணீராக இருந்தது என்பது எங்களில் பாதிப் பேரின் வாதம். தெளிவு கூடியதும் தண்ணீரின் ஆழம் குறைந்துவிட்டது என்கிறார்கள். மற்றப் பாதி, அது பழக்கத்தின் மேல் உள்ள பாசமே தவிர வேறில்லை என்று பதில் சொல்கிறது. நான் முதல் பாதியைச் சேர்ந்தவன். லண்டனின் பேட்டர்சீ மின்நிலையப் புகைபோக்கிகளை அட்டையில் வைத்து, மனிதரை நாய்களாகவும் பன்றிகளாகவும் ஆடுகளாகவும் பிரித்துக் கசந்து பாடும் ஒரு ஆல்பத்துக்குக் கரிப்படிந்த காற்று பொருத்தம்தான். 2022 பதிப்பின் அட்டைக்கு ஆப்ரி பவல் அதே கட்டடத்தைப் புதிதாகப் படமெடுத்தபோது அது பாரந்தூக்கிகள் சூழ, குடியிருப்பும் கடைகளுமாக மாறிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் இசைக்கும் ஏறக்குறைய அதுவே நேர்ந்திருக்கிறது என்று சொன்னால் கத்ரி வருத்தப்படலாம்; ஆயினும் அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.

இந்த வழக்கில் தீர்ப்பு வேண்டும் என்று நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை. இரண்டு கலவையும் கேட்பவர் கைக்குச் சமமாக எட்ட வேண்டும் என்றே கேட்கிறோம். 2022இல் தனியாக விற்ற குறுந்தகட்டிலும் இசைத்தட்டிலும் புதிய கலவை மட்டுமே இருந்தது. 1977 கலவையைக் கேட்க வேண்டுமானால் புளூ-ரே போன்ற காணொளி வட்டை நாட வேண்டியிருந்தது. இரண்டே ஒலிபெருக்கியில் கேட்பதற்காகச் செய்யப்பட்ட இசைக்கு வீட்டில் ஒரு திரைப்படக் கருவியை வாங்கி வைக்கச் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஐம்பதாம் ஆண்டில், 1977 கலவையின் மூல நாடாவிலிருந்து, ஒலியைச் செயற்கையாக உரக்கச் செய்யாமல், ஒரு சாதாரணக் குறுந்தகடும் ஒரு சாதாரண இசைத்தட்டும் வெளியிடுங்கள். எது எந்த ஆண்டின் கலவை, யார் கலந்தது, எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்பதை அட்டையின் முதுகிலேயே அச்சிடுங்கள்.

இந்தக் குழு தன் ஆல்பங்களின் முழுமைக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அனுமதியின்றிப் பாடல்களைத் தனித்தனியே பிரித்து இணையத்தில் விற்கக் கூடாது என்று அன்றைய உரிமையாளரான இஎம்ஐ இசை நிறுவனத்துக்கு எதிராக 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் தீர்ப்புப் பெற்றார்கள். பாடல்களின் வரிசைக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பை, வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் ஒன்றாக இருந்து வெளியிட்ட ஒரே கலவைக்கும் காட்டுவது முறை. ரைட் 2008இல் காலமாகிவிட்டார். புதிய கலவையைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இனி யாரும் கேட்க முடியாது.

சேர்க்கத்தக்கவை என்று வேறு சிலவும் உண்டு. 'டாக்ஸ்', 'ஷீப்' இரண்டும் 1974இலேயே வேறு பெயர்களில் மேடையேறியவை. லண்டன் வெம்பிளி அரங்கில் எடுத்த அந்தப் பதிவுகள் 2011இல் வேறொரு ஆல்பத்தின் பெட்டித் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குரிய வீடு இது. பார்வையாளர் ஒருவர் 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில் ஒளித்துப் பதிவுசெய்த நாடாவை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனைக் கொண்டு செப்பனிட்டு 'விஷ் யூ வேர் ஹியர்' பெட்டியில் நீங்களே வைத்த பிறகு, 1977 சுற்றுப்பயணத்தின் முழுக் கச்சேரி ஒன்றையும் எதிர்பார்ப்பது பேராசையாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆல்பத்தைத் திறந்தும் மூடியும் வைக்கும் 'பிக்ஸ் ஆன் த விங்' பாடலின் இரு பகுதிகளும் அன்றைய எட்டுத்தட கார்ட்ரிட்ஜ் என்ற ஒலிநாடாப் பேழை வடிவத்தில் மட்டும் ஒன்றாக இணைந்திருந்தன. அவற்றை இணைத்தது கிதார் கலைஞர் ஸ்னோவி வைட் தனித்து வாசித்த கிதார் இசை. கார்ட்ரிட்ஜ் வழக்கொழிந்ததும் அந்தக் கிதாரும் ஆல்பத்தைவிட்டுப் போயிற்று. 2022 பதிப்பிலும் அது இல்லை. வைட் 1995இல் தம்முடைய 'கோல்ட்டாப்' தொகுப்பில் அதை வெளியிட்டுவிட்டார். அங்கே இடம்பெற முடிந்த ஒன்று, அது பிறந்த ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற என்ன தடை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் இசைத்தட்டு கேட்கும் நண்பர்கள் சார்பில்,
அவர்களில் ஒருவன்