முத்துவுக்கு, வால்பாறையிலிருந்து

வால்பாறை
பிப்ரவரி 16

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் விடியும் முன்பே காட்டுக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புகிறேன். அதான் தாமதம்.

மகள் வங்கித் தேர்வை விட்டுவிட்டுக் காட்டுயிர்ப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள், கேமராவுக்கு இரண்டு லட்சம் கேட்கிறாள், என்ன செய்ய என்று எழுதியிருந்தாய். பணத்தை இப்போது கொடுக்காதே. ஆனால் அவளைத் தடுக்காதே.

ஒன்பதாவது படிக்கும்போது மூலைக்கரைப்பட்டியிலிருந்து கூந்தன்குளத்துக்கு ஒரே சைக்கிளில் போவோமே. வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டியிருக்கும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்கு நீதான் மீன் ஊட்டினாய். நம்மிடம் பைனாகுலர்கூடக் கிடையாது. ஆனாலும் வெயில் ஏறிக் காற்று சூடான பிறகுதான் கூழைக்கடா உயரே வட்டமிடும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டோம். என் தொழில் அங்கேதான் தொடங்கியது. கேமரா வாங்கியது 14 வருடம் கழித்து.

இப்போது இருவாச்சிப் பறவையின் கூடு ஒன்றைப் பார்த்து வருகிறேன். பெட்டை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தையும் பழச் சக்கையையும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஏறக்குறைய மூன்று மாதம் ஆண் கொண்டுவருவதுதான் அதற்குச் சாப்பாடு. நேற்று எட்டரை மணிக்கு ரயில் மூச்சு வாங்குவது போல இறக்கைச் சத்தம். வந்து உட்கார்ந்த ஆண், தொண்டையிலிருந்து காட்டு அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, அலகு நுனியில் பிடித்துக் கீறலுக்குள் கொடுத்தது. முப்பது வரை எண்ணினேன். ஒரு பழம் நழுவிக் கீழே விழுந்தபோது தலையைச் சாய்த்து அதையே பார்த்தது.

எனக்குக் கிடைத்தவை நான்கே படங்கள். இன்னும் பக்கத்தில் போயிருந்தால் நிறைய கிடைத்திருக்கும். ஆனால் ஆளைக் கண்டால் ஆண் கூட்டுக்கு வராது, உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதவர் கையில் லென்ஸ் போய்ச் சேருவதுதான் என் கவலை. அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வருடமாவது வேண்டும்.

காட்டுயிர்ப் படமெடுத்த எழுத்தாளர் மா. கிருஷ்ணனைப் பற்றி அவளிடம் சொல். 1912-இல் பிறந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைச் செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்தார். அதை வைத்துக்கொண்டு முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950-இல் பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். எழுதும் அளவுக்கு விலங்கைத் தெரிந்தவர் என்பது அந்தப் படங்களில் தெரியும்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். படம் விற்று வருவது கொஞ்சம்தான். பயிலரங்கு நடத்துவது, ஆய்வாளர்களுக்குக் களப்பணியைப் படமெடுத்துத் தருவது, இவற்றில்தான் வீடு நடக்கிறது. முதல் நான்கு வருடம் எஸ்டேட்டில் கணக்கும் எழுதினேன். ஒரு விடுதி இருபது படங்களை வாங்கிக்கொண்டு பணமே தரவில்லை. அதன்பிறகு பாதிப் பணம் கைக்கு வராமல் நான் படம் கொடுப்பதில்லை. இதையும் அவள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

சரி, பரீட்சை முடிந்ததும் அவளை இங்கே அனுப்பு. இரண்டு வாரம் என்னோடு வரட்டும். ஒரு நோட்டு, என் பழைய பைனாகுலர், அவ்வளவு போதும். இங்கே புதுத்தோட்டத்தில் இருக்கும் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) கூட்டத்தைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பார்த்து, கண்டதை எழுதட்டும். மூன்றாவது நாளும் அதே ஆசையோடு எழுந்து வந்தாளானால், கேமரா நானே வாங்கித் தருகிறேன். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துவிடு.

அப்புறம், இந்த வருடம் கூந்தன்குளத்தில் தண்ணீர் எப்படி? வரித்தலை வாத்து வந்ததா? போய்ப் பார்த்துவிட்டு எழுது.

உன்
கணேசன்