பொருள்: ஆயில் பிரஷர் மீட்டருடன் பொருந்தாத சென்சார் அனுப்பியது பற்றி

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் 4,200 ரூபாய் கொடுத்து ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் என்று மூன்று மீட்டர் கொண்ட செட் வாங்கினேன். ஊர் செங்கோட்டை, வண்டி அப்பா வைத்திருந்த 1988 மாடல் அம்பாசடர். மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதம் இரண்டு தடவையாவது புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வழியாகப் போகிறோம், அந்த ஏற்றத்துக்காகத்தான் இந்த மீட்டரே, ஏனென்றால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்போது பிரஷர் அநேகமாகப் போயே போயிருக்கும்.

மற்ற இரண்டிலும் குறையில்லை. ஆயில் மீட்டர்தான். சாவியைத் திருப்பியதுமே, இஞ்சின் ஓடாமலே, முள் 80 பவுண்டில் போய் நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் இறங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் இறங்குகிறது, காலை எடுத்தால் ஏறுகிறது. முதல் நாள் மலை ஏறும்போது முள் 25க்கு வந்ததும் பேத்தியோடு வளைவு ஓரத்தில் பயந்துபோய் நிறுத்தினேன்.

உங்கள் கஸ்டமர் கேர் தம்பி, "பழைய வண்டி சார், ஆயில் பம்ப் தேய்ந்திருக்கும்" என்றார். அதை நம்பி இஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கினேன், கூலி மட்டும் 1,800 ரூபாய். பம்ப்பில் ஒன்றுமில்லை.

அப்புறம் புனலூர் ஒர்க்‌ஷாப் ஆசான் சென்சார் இல்லாமல் ஆயிலைக் குழாய் வழியே நேராக வாங்கிக் காட்டும் தன்னுடைய குழாய் மீட்டரை மாட்டிப் பார்த்தார், 55 பவுண்டு, ஆடாமல் நின்றது. பிரஷரை மின்தடையாக (ஓம்) மாற்றி மீட்டருக்குச் சொல்லும் உங்கள் சென்சாரை மல்டிமீட்டரில் பிடித்தால் இஞ்சின் நிற்கும்போது 240 ஓம், ஓடும்போது 75. பெட்டியிலிருந்த தாளிலோ மீட்டருக்கு 10 முதல் 180 ஓம் என்று அச்சடித்திருக்கிறது, அதாவது பிரஷர் ஏற ஏற ஓம் ஏற வேண்டும். நீங்கள் வைத்திருப்பது 240இலிருந்து 33க்கு இறங்கும் வேறு ரகம். ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகிறது, முள் தலைகீழாக ஓடாமல் என்ன செய்யும்?

இதிலுள்ள ஆபத்து உங்களுக்குப் புரிகிறதா? ஆயிலே இல்லாமல் பிரஷர் பூஜ்யமானாலும் இந்த மீட்டர் 80 காட்டும். உங்கள் தாளில் சொன்னபடி சிவப்பு விளக்கை எரியவைக்கும் பழைய சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில்தான் சென்சாரை மாட்டினோம், அதனால் சிவப்பு விளக்கும் இப்போது எரியாது.

10-180 சென்சாரை உடனே அனுப்புங்கள், 1,800 ரூபாயையும் கொடுங்கள், பில் இணைத்திருக்கிறேன். இதே செட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அவர்களில் யாராவது இப்போது ஒரு மலை ஏறிக்கொண்டிருக்கலாம்.