தலைக்கு மேலே தொங்கும் பாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில், "தலைக்கு மேலே அவ்வளவு பாரம் தொங்குதுங்கிறியே, அறுந்து விழுந்தா என்னடா ஆகும்?" என்று கேட்டாய். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை பார்க்கும் நாடக அரங்கில், மேடைக்கு நேர் மேலே, பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாத ஓர் உயரம் இருக்கிறது. காடு வரைந்த திரை மேலே போய் அரண்மனை இறங்குகிறதே, எல்லாம் அங்கேதான் தொங்கும். ஒவ்வொரு திரையையும் பேட்டன் என்ற நீளமான குழாயில் கட்டுவோம். குழாயிலிருந்து கிளம்பும் எஃகு வடங்கள் உச்சியில் உள்ள கப்பிகள் வழியாகப் போய், பக்கச் சுவரோரம் ஆர்பர் என்கிற சட்டத்தில் சேரும். அந்தச் சட்டத்தில் இரும்புக் கட்டிகளை அடுக்கவேண்டும். திரை 200 கிலோ என்றால் அதற்குக் கட்டியும் 200 கிலோ. தராசு மாதிரிதான், அதனால் ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தாலே போதும்.

நீ வடம் அறுவதை நினைத்துப் பயப்படுகிறாய். வடம் தாங்கக்கூடியதில் எட்டில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் அதில் ஏற்றுவோம். பயப்பட வேண்டியது தராசு சாய்வதற்குத்தான். குழாய் தரைக்கு வரும்போது ஆர்பர் உச்சியில் நிற்கும். மாட்டும்போது முதலில் திரை, பிறகு கட்டி. கழற்றும்போது முதலில் கட்டி, பிறகு திரை. இப்படிச் செய்தால் எப்போதும் கனமான பக்கம் தரையிலேயே இருக்கும், விழ அதற்கு இடமே இல்லை.

வந்த புதிதில், மேலே கட்டிகளை எடுத்து முடிப்பதற்குள் நான் திரையின் முடிச்சில் கை வைத்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றேன். அவிழ்த்திருந்தால் அத்தனை இரும்பும் உச்சியிலிருந்து ஓடி வந்திருக்கும், குழாய் மேலே பறந்திருக்கும். கயிற்றில் ஒரு லாக் உண்டு, ஆனால் அது கயிறு நகராமல் இருக்கத்தானே தவிர, பாரத்தை நிறுத்த அல்ல. கயிறு கைமீறி ஓடினால் பிடிக்கவே கூடாது, கத்திவிட்டு விலக வேண்டும் என்று அன்றே சொல்லிக் கொடுத்தார்.

இந்த நாட்டு மொழியில் நான் தயங்காமல் உரக்கப் பேசப் பழகியதே அப்படித்தான் அம்மா. எந்தக் குழாய் நகர்ந்தாலும், "இது இறங்குகிறது, விலகுங்கள்" என்று முதலில் குரல் கொடுத்து, கீழே இருப்பவர்கள் பதில் சொன்ன பிறகுதான் லாக்கைத் திறப்பேன். கடையில் ஒரு சாமான் கேட்கக் கூச்சப்பட்டவன், முப்பது பேர் நிற்கும் மேடையைப் பார்த்துக் கத்துகிறேன்!

அப்புறம், மேலே ஏறுமுன் சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துவிடுவோம், ஸ்பேனரைக்கூட இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். நாளைக்குப் பழைய நாடகத்தின் திரைகளைக் கழற்றுகிறோம், கட்டி எடுக்கும் வேலை எனக்கு. முடித்துக் கீழே இறங்கியதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் மகன்